பெயின்ட் அடிக்காத அறை

மரபுக் கட்டடத் துறை அதிகாரி வரப்போகிறார் என்றதும் அண்ணி செய்த முதல் காரியம், பெயின்டரைக் கூப்பிட்டதுதான். முப்பது வருஷமாகக் கடற்கரையில் ஓட்டல் நடத்துகிறவள் வேறென்ன செய்வாள்? பெரிய மனுஷர் வருகிறார் என்றால் கறை, வெடிப்பு, உப்புக்காற்று அரித்த இடம் எதுவும் கண்ணில் படக்கூடாது. அவளுக்குத் தெரிந்த தொழில் அது.

மரபுக் கட்டடம் என்று அதிகாரி எழுதிக் கொடுத்தால் இந்த நூற்றிருபது வருஷக் கட்டடத்தை எவனும் தொட முடியாது. கொடுக்காவிட்டால் கொழுந்தன் அடுத்த மாதமே இடித்துவிட்டு, அடுக்குமாடி கட்டுகிறவனுக்கு விற்றுவிடுவான். சொத்து வழக்கில் கோர்ட்டும் அவன் பக்கம்தான் சாய்ந்திருந்தது. புருஷன் போன நாளிலிருந்து இந்த ஓட்டலைத் தலையில் தூக்கிச் சுமந்தவள் அவள். மூன்றாம் மாடியில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு உட்கார்ந்து தின்றவன் அவன். ஓட்டல் முழுக்க அவளை அண்ணி என்றுதான் கூப்பிடுவார்கள். அவன் வாயில் மட்டும் அந்தச் சொல் திட்டு மாதிரி வரும்.

காலையிலேயே அதிகாரி வந்துவிட்டார். நடுத்தர வயதுப் பெண். பெரிய ஹாலின் சுவரை விரலால் தட்டிப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து பார்த்தார்.

"மேல பூவேலை இருந்துச்சே, ஃபோட்டோல பார்த்தேன். எங்கம்மா?"

"உதிர்ந்துகிட்டே இருந்துச்சு மேடம். சுரண்டி எடுத்துட்டேன். இப்ப பளிச்சுனு இருக்குல்ல?"

"தரையில பழைய கல்லு?"

"மங்கிப்போச்சுன்னு பேத்துட்டு டைல்ஸ் போட்டாச்சு."

"சுவத்துல சுண்ணாம்புப் பூச்சு?"

"கொத்திட்டு சிமென்ட் பூசியாச்சு. ராப்பகலா வேலை வாங்கினேன் மேடம். எல்லாம் உங்களுக்காகத்தான்."

அதிகாரி நோட்டை மூடினார். "பழசு இருக்கான்னு பார்க்கத்தானேம்மா நான் வந்தேன்? எதை வச்சு எழுதறது?"

மாடிப்படியில் நின்று கொழுந்தன் கை தட்டினான்.

"சபாஷ் அண்ணி! மெஷின் வச்சு இடிக்கணுமேன்னு பார்த்தேன். பாதி வேலையை நீங்களே முடிச்சுட்டீங்க!"

"வாயை மூடுடா!"

"ஒரு ரூமாவது தொடாம இருக்கா?" என்றார் அதிகாரி. "ஒண்ணு இருந்தாக்கூடப் போதும்."

அண்ணி கொழுந்தனைப் பார்த்தாள். தட்டிய கை அப்படியே நின்றது. தன் அறைக்கு வந்த பெயின்டர்களை, "அவ பேச்சைக் கேட்டு எவனாவது என் சுவத்துல பிரஷ் வச்சா கையை ஒடிச்சிருவேன்" என்று துரத்தியடித்தவன் அவன். இதற்கு முன்னால் பெயின்ட் அடித்த மூன்று தடவையும் அதே வீம்புதான்.

"இவன் ரூம் இருக்கு மேடம். வாங்க!"

"என் ரூமை எவளும் தெறக்க முடியாது!"

அவன் மேலே ஓடினான். ஆனால் உட்கார்ந்தே கிடந்த உடம்பு, இரண்டாம் மாடியிலேயே மூச்சு வாங்கியது. அண்ணி அந்தப் படிகளில் தினம் நாற்பது தடவை ஏறி இறங்குகிறவள். எல்லா அறைக்கும் பொதுவான சாவி அவள் இடுப்பில் இருந்தது.

உள்ளே ஒரே குப்பை. அழுக்குத் துணி, பழைய பேப்பர், புழுக்க நாற்றம். அதற்கு மேலே, சீலிங்கின் நான்கு ஓரமும் சுண்ணாம்புப் பூக்கள் ஓர் இதழ்கூடக் குறையாமல் இருந்தன. தரையில் சிவப்பும் கறுப்புமாகக் கல் பதித்த கோலம். சுவர் கண்ணாடி போல வழவழவென்றிருந்தது. அதிகாரி அதில் உள்ளங்கையை வைத்துத் தடவிப் பார்த்தார்.

"இது போதும். இதைப் பார்த்து மத்த ரூமையும் பழையபடி ஆக்கணும்னு எழுதறேன். இடிக்க விடமாட்டோம்." மூச்சிரைக்க வந்து நின்றவனிடம் திரும்பினார். "இத்தனை வருஷம் இதைக் காப்பாத்தினது நீங்களா சார்? ரொம்ப நன்றி."

அவன் விளக்கெண்ணெய் குடித்தவன் மாதிரி விழித்தான். "நான் ஒண்ணும் காப்பாத்தலை! எனக்கு இவளைக் கண்டா ஆகாது, அவ்வளவுதான்!"

வராந்தாவில் வேலைக்காரர்கள் சிரித்தார்கள். அண்ணியும் சிரித்திருக்க வேண்டும். கழுத்து வலிக்க அந்தப் பூக்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். உயிராக நினைத்த இடத்தில் அறுபத்தோரு அறைகளை அவளே சுரண்டித் தள்ளியிருந்தாள்.

"உனக்கு நன்றி சொல்ல மாட்டேன்டா," என்றாள். "செத்தாலும் சொல்ல மாட்டேன்."

சொல்லி முடிப்பதற்குள் குரல் உடைந்துவிட்டது. அவனுடைய அழுக்குக் கட்டிலிலேயே உட்கார்ந்து, அவன் கண்ணெதிரிலேயே, வாய்விட்டு அழுதாள்.