பழைய பிராசஸர், புதிய பிராசஸர், நடுவில் ஒரு தாள்

1.

இது கதையாகப் பிறக்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கணினி இதழ் ஒன்றுக்கு நான் எழுத வேண்டியிருந்த சோதனை அறிக்கை இது. ஒன்பது வருடப் பழைய பிராசஸரையும் இந்த வருடம் வந்த பிராசஸரையும் ஒரே வேலையைச் செய்யவிட்டு, எது எவ்வளவு வேகம் என்று சொல்ல வேண்டும். பத்து வருடமாக இதுதான் என் பிழைப்பு. ஓர் அட்டவணை, இரண்டு பத்தி, முடிந்தது. ஆனால் இந்த முறை அட்டவணையில் ஓர் எண் பொய். அதை ஒப்புக்கொள்ளத் தைரியம் இல்லாமல் கதைக்குள் வந்து ஒளிந்துகொண்டேன்.

2.

முதல் தொடக்கம்: "ஆமையும் முயலும் மறுபடியும் பந்தயம் வைத்தபோது..." வேண்டாம். அசடு வழிகிறது.

இரண்டாவது தொடக்கம்: "அவன் கணினிகளைச் சோதிப்பவன். அவன் மனைவி இன்னும் கட்டாத வீடுகளுக்குப் படம் போடுபவள்." இது பரவாயில்லை, இருக்கட்டும்.

வரைபடத்தைக் கொடுத்தால், கட்டி முடித்தபின் அந்த வீடு எப்படி இருக்கும் என்று அவள் திரையில் காட்டுவாள். ஜன்னல் வெயில் எங்கே விழும், படிக்கட்டின் நிழல் எந்தச் சுவரில் சாயும் என்பதையெல்லாம் பிராசஸர்தான் கணக்குப் போட வேண்டும். அதற்கு ரெண்டர் என்று பெயர். அவளுடைய பழைய கணினியில் ஒரு படத்துக்கு நாற்பத்தொரு நிமிடம். அதுவரை மவுஸ்கூட நகராது.

அந்த நாற்பத்தொரு நிமிடமும் அவள் தன் நாற்காலியை அவன் பக்கம் திருப்பிக்கொள்வாள்.

(அவ்வளவுதானா என்று நீங்கள் கேட்கலாம். அவ்வளவுதான். ஒரே அறை, இரண்டு மேசை, முதுகுக்கு முதுகு. அவர்களுக்குள் சண்டை எதுவும் இல்லை. பேச்சு மட்டும் தேய்ந்து தேய்ந்து "சாப்டியா", "கதவ பூட்டினியா" என்று ஆகிவிட்டது. நாற்காலி திரும்பினால்தான் மற்றதெல்லாம் வரும். இன்னும் கட்டாத மாடியை வைத்து மனைவியோடு சண்டை போட்டு, கீழே தனக்குத் தனி அறை கேட்ட வாடிக்கையாளரின் கதை அப்படி வந்ததுதான். ஆமை புகுந்த வீடு உருப்படாது என்பார்கள். இந்த வீடு ஆமையால்தான் உருப்பட்டுக்கொண்டிருந்தது.)

3.

புதிய பிராசஸர் வந்தது. சோதனை முடிந்ததும் அதை அவள் கணினியில் போடுவதாகப் பேச்சு. அவளுக்கு மூன்று வீடுகள் பாக்கி நின்றன. வாடிக்கையாளர்கள் போனில் குரலை உயர்த்த ஆரம்பித்திருந்தார்கள்.

பிராசஸரின் தலையில் கூலர் உட்காரும். சூட்டை உறிஞ்சி விசிறிக்கு அனுப்புவது அதன் வேலை. கூலரின் அடியில் மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒன்று ஒட்டியிருக்கும்.* உரிக்காமல் மாட்டினால் சூடு வெளியேறாது. பிராசஸர் கொதித்துப்போய், உயிர் பிழைக்கத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

அவன் அந்தத் தாளை உரிக்க மறந்துவிட்டான். பழையது 41 நிமிடம், புதியது 46 நிமிடம். "இது தேறாது போல. பழசே இருக்கட்டும்" என்று அவளிடம் சொன்னான். அவள் "சரி" என்றாள்.

* இந்தத் தொழிலுக்கு வந்த முதல் வாரத்தில் எல்லோரும் ஒருமுறை இப்படி மாட்டி அவமானப்படுவார்கள். இரண்டாம் முறை யாரும் மாட்டுவதில்லை.

4.

இதுவரை எழுதியதை மனைவியிடம் படிக்கக் கொடுத்தேன். நின்றபடியே படித்தாள்.

"அவன் மறந்துட்டானா?"

"கதைதானே."

"எனக்கு கத தெரியாதுப்பா. துணி துவைக்கத் தெரியும்." கதைத் தாளை மேசையில் வைத்தாள். "ஒவ்வொரு தடவையும் அந்த பிளாஸ்டிக்க உரிச்சு சட்டைப் பைல போட்டுக்குவ. பத்து வருஷமா நான்தான் எடுத்துப் போடறேன். இந்தத் தடவ பை காலியா இருந்துச்சு."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

"அப்போ தெரிஞ்சும் ஏன் கேக்கல?"

"மொதல்ல கோவம்தான் வந்துச்சு. அங்க ஒருத்தர் போன்ல கத்தறாரு, இங்க நீ இப்படி பண்ணி வச்சிருக்க." மேசை விளிம்பில் சாய்ந்துகொண்டாள். "அப்புறம் எதுக்குப் பண்ணியிருப்பனு யோசிச்சேன். அதுக்கப்புறம் கேக்கத் தோணல."

ஆகவே மூன்றாம் பகுதியைத் திருத்திப் படியுங்கள். அவன் மறக்கவில்லை. அவன் என்பதும் நான்தான். பிளாஸ்டிக் தாளின் ஓரத்தை நகத்தால் தூக்கிவிட்டு, மறுபடி அழுத்தி ஒட்டினேன். பூனை கண்ணை மூடிக்கொண்ட கதை. இவள் சில நிமிடத்திலேயே வேலையை முடித்துவிட்டால், பிறகு எதற்காக என் பக்கம் திரும்புவாள் என்று பயந்தேன்.

5.

தாளை உரித்தேன். ஏழு நிமிடம்.

ஒரு முடிவு: மனைவி மூன்று வீடுகளையும் முடிக்கிறாள், புது வேலைகள் குவிகின்றன, நாற்காலி... இல்லை, இதை எழுத மாட்டேன்.

இன்னொரு முடிவு: நான் தாளை மறுபடி ஒட்டுகிறேன். இதற்கு அந்த ஆமை முயல் அசடே தேவலை.

நடப்பதை மட்டும் எழுதுகிறேன். புதிய பிராசஸர் இப்போது அவள் கணினியில் இருக்கிறது. பாக்கி நின்ற மூன்று வீடுகளையும் ஒன்றன்பின் ஒன்றாக முடித்து அனுப்பிவிட்டாள். ஏழு, ஏழு, ஏழு. மூன்று முறையும் நாற்காலி திரும்பவில்லை. நான் அட்டவணையைத் திருத்தினேன்: பழையது 41, புதியது 7. என் வேலையும் முடிந்தது.

நான்காவதாக ஒரு வீட்டைத் திறந்தாள்.

"இது யாரோடது?"

"யாரும் கேக்கல. சும்மா நானே போட்டது."

"ஏழு நிமிஷத்துல முடிஞ்சிரும்."

"ம்." படத்தின் தரத்துக்கான எண்களை ஏற்றிக்கொண்டே போனாள். "பழைய மெஷின்ல நிழலெல்லாம் மொரடா வரும். கண்ணாடில வெளிச்சம் சரியா விழாது. இதுல எவ்வளவு வேணா ஏத்தலாம்தானே?"

"ஏத்தலாம். நேரம்தான் ஆகும்."

"ஆகட்டும்."

எட்டிப் பார்த்தேன். அவள் திரையில், மீதி நேரம்: 3 மணி 12 நிமிடம்.

நான் என் திரைக்குத் திரும்பி இதை அவசரமாகத் தட்டிக்கொண்டிருக்கிறேன். பின்னால் நாற்காலிச் சக்கரம் உருளும் சத்தம் கேட்கிறது. இதற்கு மேல் இந்த வீட்டுக்கு என்ன ஆனது என்பதை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். எனக்கு வேலை இருக்கிறது. அவள் என்ன சொல்கிறாள் என்றால்,