தானே சுற்றிய துடுப்பு

பள்ளத்தூர் ரோட்டில் இருந்த அப்பச்சியின் சாயப்பட்டறைக்கு அழகுசுந்தரம் டைமர் செய்து வைத்தது 1974-ல். சென்னையில் எலெக்ட்ரிக்கல் படித்துவிட்டு அப்போதுதான் ஊர் திரும்பியிருந்தான். அப்பாவை அப்பச்சி என்றுதான் கூப்பிடுவான். மெதுவாகச் சுழலும் ஓர் உருளை, அதில் மூன்று பற்கள். ஒன்று தண்ணீர் மோட்டாரைப் போடும், ஒன்று நீராவியைத் திறக்கும், இன்னொன்று சாயத்தொட்டிக்குள் இருக்கும் இரும்புத் துடுப்பைச் சுற்றும். நேரம் வந்ததும் ஒவ்வொன்றும் தானாக ஓடித் தானாக நிற்கும். ஒன்று இன்னொன்றுக்காகக் காத்திருக்காது.

அதுவரை சுவிட்சுப் பலகையில் மலையாண்டி நின்றார். துடுப்பைப் போடுமுன் தொட்டிப் பக்கம் குரல் கொடுப்பார். அங்கிருந்து பதில் வந்த பிறகே போடுவார். டைமர் வந்ததும் அவரை நூல் காயப்போடும் களத்துக்கு அனுப்பிவிட்டான் அழகுசுந்தரம்.

காரைக்குடியிலிருந்து உறவுக்காரர்கள் சிலர் டைமரைப் பார்க்க வந்திருந்தார்கள். அழகுசுந்தரம் தொட்டிக்கு முதுகைக் காட்டி நின்று விளக்கிக்கொண்டிருந்தான். தொட்டிக்கு மேலே நூல் தொங்கவிடும் கம்பியிலிருந்து நழுவிய நூல்கட்டு ஒன்று துடுப்பில் சுற்றிக்கொண்டது. துடுப்பு நின்றிருந்த நேரம் பார்த்து அதை எடுக்க, தொட்டியில் வேலை செய்யும் பொன்னுத்தாயி குனிந்தாள். உருளை தன் பாட்டுக்குத் திரும்பியது.

அலறல் கேட்டுப் பலகைக்கு ஓடியவன் துடுப்பின் சுவிட்சை அணைத்தான். துடுப்பு நிற்கவில்லை. டைமரின் கம்பிகளை அந்தச் சுவிட்சைத் தொடாமல் நேராக மோட்டாருக்குக் கொடுத்திருந்தது அவன்தான். நடுவில் நிறுத்த வேண்டிவரும் என்று அவன் நினைத்ததே இல்லை. களத்திலிருந்து ஓடிவந்த மலையாண்டி மெயின் சுவிட்சை இழுத்தார்.

பொன்னுத்தாயியின் வலது கை மணிக்கட்டோடு நசுங்கிப்போயிருந்தது.

விசாரிக்க வந்த அதிகாரி, எப்படி நடந்தது என்று கேட்டார். அப்பச்சி பக்கத்தில் நின்றார். யாரிடமும் சொல்லாமல் அந்தப் பொம்பளை தொட்டிக்குள் கையை விட்டுவிட்டாள் என்று அழகுசுந்தரம் சொன்னான். சொல்லும்போது குரல் தடுமாறக்கூட இல்லை. அதை நினைத்துத்தான் பிறகு அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

நாலைந்து நாள் கழித்து ஆஸ்பத்திரிக்குப் போனான். அவளுடைய மகள் முத்தழகு எழுந்து நாற்காலியை இழுத்துப்போட்டாள். அவன் உட்காரவில்லை. வலி எப்படி இருக்கிறது என்று கேட்டான். பொன்னுத்தாயி வேறொன்றைக் கேட்டாள்.

"சொல்லாமக் கொள்ளாமக் கைய விட்டேன்னு ஆபீசர்ட்டச் சொன்னீகளாமே."

அவன் ஆமாம் என்று தலையசைத்தான்.

"ஆர்ட்ட சொல்லியிருக்கணும்? பலகையில ஆளு இல்லையேய்யா."

குரலில் கோபம் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்பதுபோல் இருந்தது. முத்தழகு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவன் வாசலுக்கு வந்து, வெகுநேரம் சைக்கிளைப் பிடித்தபடி நின்றான்.

மறுநாள் அந்த அதிகாரியைத் தேடிப்போய், தான் சொன்னது பொய் என்றும் பிழை தன்னுடையது என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டான். பட்டறையின் பேரில் வழக்கு வந்தது. அப்பச்சி அவனோடு பேசுவதை நிறுத்தினார். மலையாண்டி பலகைக்குத் திரும்பினார். டைமரை அழகுசுந்தரமே கழற்றினான்.

பொன்னுத்தாயி தை மாதம் வேலைக்கு வந்தாள். உட்கார்ந்து செய்யும் வேலையாகக் கொடுத்தார்கள். அவள் இருக்கும் அறை வழியாகத்தான் ஆபீசுக்குப் போக வேண்டும். அழகுசுந்தரம் கொதிகலன் பக்கமாகச் சுற்றிக்கொண்டு போனான். ஒருநாள் அங்குட்டு வழி அடைத்திருந்தது. வேறு வழியில்லாமல் அறைக்குள் நுழைந்தான்.

"இந்த வழியாவே போங்கய்யா. எதுக்குச் சுத்திப் போறீக?" என்றாள் பொன்னுத்தாயி.

தரையைப் பார்த்தபடியே அறையைக் கடந்தான்.