சூடு பார்த்த கை

கிட்ட வாருங்கள் கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். ஒரு மரப்பலகை ஒருத்தியைக் காட்டிக்கொடுத்த கதை சொல்கிறேன்.

அவள் பலகையில் சாமி படம் செதுக்குகிறவள். அதில் மை தடவி, தாளை வைத்து அழுத்திப் படம் எடுப்பவன் அவள் புருஷன். பிள்ளையை மடியில் வைத்த தெய்வத்தாய் வேண்டும் என்று கேட்ட கோயில் பெரியவர், ஏற்கெனவே இரண்டு பலகைகளைத் தள்ளிவிட்டார். "அம்மா முகத்துல கவலை தெரியுது. கும்பிட வர்றவங்க அவங்க கவலைய எங்க கொண்டுபோய் இறக்குவாங்க? சிரிச்ச முகம் வேணும்." மூன்றாவதைப் பார்க்க அன்று மாலை வருகிறார்.

அன்றைக்கென்று பார்த்து அவளுடைய ஏழு மாதக் குழந்தைக்குக் காய்ச்சல். சாயங்காலத்துக்குள் இறங்காவிட்டால் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மேசைக்குப் பக்கத்திலேயே தொட்டில். அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. நாலு கோடு வெட்டுவாள், இடது புறங்கையால் கழுத்தைத் தொட்டுப் பார்ப்பாள். எழுந்து ஈரத்துணி மாற்றுவாள், மறுபடி உளி.

"ஏங்க, சூடு குறைஞ்சிருக்கா பாருங்களேன்."

"இப்பதானே பார்த்தேன். நீ தொட்டுத் தொட்டே பிள்ளை கழுத்து தேஞ்சிரும்."

பல்லைக் கடித்துக்கொண்டு தெய்வத்தாயைச் சிரிக்கவைத்தாள். பிறகு கை. பலகையில் இடக்கையாக வெட்டியது தாளில் வலக்கையாக விழும். அதனால் எப்போதும் தன் இடக்கையைப் பார்த்தே வெட்டுவது அவள் பழக்கம். அன்றும் அப்படித்தான் வெட்டினாள்.

முதல் தாளை உரித்தெடுத்த புருஷன் அதையும் தொட்டிலையும் மாறி மாறிப் பார்த்தான்.

"ஏம்மா, சாமி பிள்ளைக்கும் காய்ச்சலா?"

அவள் எட்டிப் பார்த்தாள். வரைந்து வைத்திருந்தது, பிள்ளையின் மார்பில் விரித்த உள்ளங்கை. தாளில் விழுந்திருந்ததோ கழுத்தில் வைத்த புறங்கை. முகம் சிரித்தது, கை சிரிக்கவில்லை. வெட்டின மரத்தை ஒட்டவா முடியும்? வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது.

பெரியவர் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். "முகம் சரியா வந்திருக்கு" என்றார். அப்புறம் வெகுநேரம் பார்த்துவிட்டு, "குழந்தைக்கு இப்ப எப்படிம்மா இருக்கு?" என்றார்.

"உங்களுக்கு யாருங்கய்யா சொன்னது?"

அவர் திகைத்துப்போனார். அப்போதுதான் தொட்டிலைக் கண்டார். "நான் இந்தக் குழந்தையப் பத்திக் கேட்டேன்" என்று தாளைக் காட்டினார்.

"கை தப்பா விழுந்துடுச்சுங்க."

"இருக்கட்டும். பிள்ளைக்கு முடியலன்னு வந்து நிக்கிறவளுக்கு இந்தக் கை போதும். இதையே போடுங்க."

அவள் காதில் அது ஏறவில்லை. அவள் கை தொட்டிலுக்குள் இருந்தது. எடுத்துப் பார்த்தாள். விரலெல்லாம் ஈரம்.

"வேர்த்திருக்குங்க" என்றாள்.

உங்கள் வீட்டுப் பிள்ளைகளின் கழுத்து என்றும் குளிர்ந்தே இருக்கட்டும். தொட்டுப் பார்க்க ஒரு கை எப்போதும் பக்கத்தில் இருக்கட்டும், கண்ணுகளா.