தவறான விடைகளில் ஒரு பெயர்

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. கணப்புக்குப் பக்கத்தில் இடம் இருக்கிறது. ஆற்றுக்கு மேலே நம் ஊரில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

வாசலில் போட்ட கம்பளிக் கூடாரத்தின் கயிற்றை பக்கித் இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தான். உள்ளே ஜுமாபெக்கின் உடலைக் கிடத்தியிருந்தார்கள். பெண்கள் ஒப்பாரி தொடங்கிவிட்டார்கள். வெளியே இறந்தவரின் பிள்ளை இடுப்பில் கச்சை கட்டி, கோலை ஊன்றிக் குனிந்து நின்று, துக்கத்துக்கு வருகிறவர்கள் முன்னால் "அப்பா!" என்று கதறவேண்டும். ஆனால் கோலோடு நின்றது ஜுமாபெக்கின் அண்ணன் மகன் சாதிர்.

பக்கித்தைப் பெற்றவர் ஒஸ்மோன். பையன் தவழுமுன் போய்ச்சேர்ந்துவிட்டார். பிறகு அவன் அம்மாவைக் கட்டிக்கொண்டு, அவனைத் தோளில் சுமந்து வளர்த்தவர் ஜுமாபெக். அவருக்கென்று வேறு பிள்ளை இல்லை.

நம் பிள்ளைகள் இரத்தவழியில் ஏழு தலைமுறைத் தகப்பன் பெயரைத் தடுமாறாமல் சொல்லவேண்டுமே! அதற்காக பக்கித் முந்தின வாரம் ஒரு விளையாட்டுப் பலகை செய்தான். ஒரு பக்கம் கேள்வி, மறுபக்கம் பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆணி. கேள்வியையும் அதற்கான பெயரையும் கம்பியால் தொட்டால் குட்டி பல்பு எரியும். குருட்டாம்போக்கில் ஜெயிக்கக்கூடாதென்று தவறான பெயர்களையும் கலந்தான். கடைக்காரர், பக்கத்து வீட்டுக்காரர், சிரிப்புக்குக் குதிரையின் பெயர். அதன் கீழே, பிள்ளைகள் காதில் எந்நேரமும் விழுகிற பெயர் என்று, ஜுமாபெக். எழுதும்போது அவனுக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

அவன் மகள் ஐஜிரெக் ஒரு விடையைத் தொட்டு எரியவைத்தாள். "இப்ப நீங்க, தாத்தா! உங்க கேள்வி, 'அப்பாவோட அப்பா யாரு?'"

"இது தெரியாதாடி எனக்கு?" சிரித்துக்கொண்டே கிழவர் தன் பெயரைத் தொட்டார். எரியவில்லை. அழுத்திப் பார்த்தார்.

பிறகு மகனைப் பார்க்காமல் சொன்னார். "பேட்டரி தீந்துபோச்சு போலடா."

பனியில் கடைவரை நடந்து புதுசு வாங்கிவந்தார். வாழ்நாளெல்லாம் டிராக்டரைப் பிரித்து மாட்டிய மனிதர்.

"ஆமாப்பா, தீந்துதான் போச்சு," என்றபடி பக்கித் அதை வாங்கி மாட்டினான்.

கூடாரம் போட்ட அன்று விடிந்தபோது அவர் எழுந்திருக்கவில்லை.

"என்னடா, கயிறு கட்டத்தான் வந்தியா?" என்றான் சாதிர்.

"நீங்கதான் நிக்கிறீங்களேண்ணே."

"ஏன் நிக்கமாட்டேன்? எங்க சித்தப்பா பேரைக் குதிரை பேருக்குக் கீழ போட்டவன் தானே நீ? உன் மக ஊரெல்லாம் சொல்லிட்டா. எனக்கே சிரிப்பு வந்துச்சு. அப்புறம் வரலை."

பக்கித் போட்ட முடிச்சையே அவிழ்த்து மறுபடி போட்டான்.

மலைமேல் ஊர் ஒன்றிலிருந்து துக்கத்துக்கு வந்தவர்கள் குதிரையைவிட்டு இறங்கினார்கள். முன்னால் வந்த பெரியவருக்கு இங்கே யாரையும் தெரியாது. "மகன் யாருப்பா?" என்றார்.

சாதிர் பக்கித்தையே பார்த்தான். ஓடிப்போக இடமிருந்தால் பக்கித் ஓடியிருப்பான்.

"கேக்குறாங்கல்ல?" தன் கச்சையை அவிழ்த்து அவன் இடுப்பில் இறுக்கிக் கட்டினான் சாதிர். கோலை அவன் கையில் திணித்தான். "கத்து. உள்ள கிடக்கிறவருக்கு நீ ஒருத்தன்தான்."

பக்கித் கோலில் சாய்ந்தான். "அப்பா" என்று வந்தது கதறலாக இல்லை, இருமல்போல வந்தது. இரண்டாம் முறையும் அப்படித்தான். தழுவவந்த பெரியவருக்கு அவன் முகம் கிடைக்கவில்லை. அவ்வளவு குனிந்திருந்தான். தொப்பியின் உச்சியைக் கொஞ்ச நேரம் கையால் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு, அவர் உள்ளே போனார்.

போய்வாருங்கள், கண்ணுகளா. நீங்கள் கூப்பிடும்போது "என்னடா" என்று கேட்கும் குரல் உங்கள் வீட்டில் நெடுநாள் இருக்கட்டும்.