அறைத்தோழி

நெப்ராஸ்காவின் சிற்றூர் வாரப் பத்திரிகையில் மரண அறிவிப்புகளை அச்சுக்குத் தயார் செய்பவர் ஆர்வின். ஆணான அவர் மணந்துகொண்டதும் ஓர் ஆணைத்தான்; அந்தக் கணவர் ரஸ்ஸல் இறந்தபோது, ரஸ்ஸலின் அக்கா மார்லீன் எழுதித் தந்த அறிவிப்பில் ஆர்வினுக்குக் கிடைத்த பட்டம் 'கணவர்' அல்ல, 'அறைத்தோழர்'. பத்திரிகை முதலாளியும் அப்படியே போடச் சொன்னார். ஆர்வின் பல்லைக் கடித்துக்கொண்டு போட்டார்.

இரண்டு வருடம் கழித்து மார்லீனின் கணவர் லாயிட் இறந்தார். அவருடைய மரண அறிவிப்போடு பத்திரிகை வந்த அன்றே அவள் அலுவலகத்துக்குப் பாய்ந்து வந்தாள்.

"லாயிடோட அறைத்தோழின்னா போட்டிருக்கே? நாப்பது வருஷம் குடும்பம் நடத்தினவடா நான்!"

"நாங்க இருபத்தாறு வருஷம் நடத்தினோம், அண்ணி."

"திருத்தம் போடு!"

"ரஸ்ஸலுக்கும் சேர்த்து எழுதிக் கொடுங்க, போடறேன். இல்லேன்னா நீங்க அறைத்தோழிதான்."

வேறு வழியில்லாமல் 'கணவர் ஆர்வின்' என்று எழுதி நீட்டினாள். ஆர்வின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நிதானமாகப் படித்தார்.

"கையெழுத்து புரியலையே அண்ணி. இன்னொரு தடவை எழுதுங்க."