வரட்டிக்களத்தின் இரண்டாவது குருவி

ஐப்பசி பிறந்ததும் எங்கள் வரட்டிக்களத்துக்கு ஒரு வாலாட்டிக் குருவி வந்துவிடும். பங்குனி வரைக்கும் களம் அதற்குப் பட்டா போட்டுக் கொடுத்தது போலத்தான். வேறொன்று தலை காட்டினால் கத்திக்கொண்டே துரத்தும். ஆனால் நாங்கள் நான்கு மாடுகள் கட்டியிருந்த வருடங்களில் ஈரச் சாணத்தில் ஈ மொய்க்கும். அப்போது ஓரமாக மேயும் இன்னொரு சின்னக் குருவியை அது கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. மூன்றாவதாக ஒன்று வந்தால் இரண்டும் சேர்ந்தே விரட்டும். இதையெல்லாம் எனக்குக் காட்டியவள் என் நாத்தனார் பொன்னுத்தாய். புருஷன் செத்தபின் எங்களோடு இருந்தாள். வரட்டி தட்டுகிறேன் என்று பாதி நேரம் குருவியைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள். நான் திட்டுவேன், அவள் சிரிப்பாள்.

மழை பொய்த்த 2003இல் மூன்று மாடுகளை விற்றோம். சாணமும் இல்லை, ஈயும் இல்லை. பெரிய குருவி சின்னதைக் களத்தில் கால் வைக்க விடவில்லை. அது வேலியோரம் நாள் முழுக்க நின்றது. பொன்னுத்தாய் மனசு கேட்காமல், தன் கஞ்சிக்கு வைத்திருந்த நொய்யில் ஒரு பிடியை அதன் முன்னால் இறைத்தாள். ஈயும் பூச்சியும் தின்கிற குருவி நொய்யைத் தொடுமா? காக்கைகள்தான் வந்தன.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"மனுசருக்கே நொய்யி இல்ல, நீ குருவிக்கு எறைக்கிறியா? மீன்சுருட்டியில ஒன் சின்ன மாமனாரு வூடு இருக்குல்ல. அங்க போயேன். இங்க ஒரு வாயாவது கொறையும்."

"சரிங்கண்ணி" என்றாள். மறுநாள் முதல் பஸ்ஸில் போய்விட்டாள். கூடப் பிறந்தவர், என் வீட்டுக்காரர் சாமிதுரை, வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் அவரையும் நான் சும்மா விட்டிருக்கமாட்டேன்.

இரண்டு வருடம் கழித்துக் கொள்ளிடம் இரு கரையும் தொட்டுப் போனது. நெல் வந்தது, மாடு வாங்கினோம். நான்தான் மீன்சுருட்டிக்கு அவளை அழைக்கப் போனேன்.

"வந்துடு பொன்னு. நான் பேசுனது தப்பு."

"இருக்கட்டும் அண்ணி. மறுபடியும் மழ பேயாமப் போச்சுன்னா?"

கோபமே இல்லாமல்தான் கேட்டாள்.  எனக்கு அழுகைதான் வந்தது.

மத்தியானம் எனக்கு இலை போட்டுப் பரிமாறினாள். நான் எழுந்தபின் தன் தட்டை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனவளைத் தேடிப் போனேன். மாட்டுக்கொட்டகையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, இடது கையால் தட்டைச் சுற்றி அணைத்தபடி அவசர அவசரமாக விழுங்கிக்கொண்டிருந்தாள். என் நிழல் விழுந்ததும், கையில் சோற்றோடு எழுந்து சுவரோரம் ஒதுங்கி நின்றாள்.