மசக்கைக்கு வழி

மகன் கைப்பேசிக்கு அனுப்பியிருந்த படத்தை ஜெயசுதா கல்லாவில் இருந்தவரின் முகத்துக்கு நேரே நீட்டினாள். அவர் முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டுப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"ஆறிப்போன சோறு, மேல வெள்ளரிக்கா. இத துட்டு குடுத்து வேற சாப்புடுவாங்களாம்மா?"

"ஜப்பான் சாப்பாடு. பேரு சுஷி. கெடைக்குமா கெடைக்காதா, அத மட்டும் சொல்லுங்க."

"எங்க மாஸ்டர் கைல சொன்னா, ஃப்ரைட் ரைஸயே உருட்டிக் குடுப்பாரு."

ஜெயசுதா படியிறங்கினாள். மேசையைத் துடைத்த துணியாலேயே தட்டையும் துடைக்கும் கடையில் கிடைத்தாலும் வாங்கியிருக்க மாட்டாள். துருகம் சாலையில் கேட்டாயிற்று. பேருந்து நிலையத்தைச் சுற்றிக் கேட்டாயிற்று. புதிதாக முளைத்த நகர்களில் வண்ண விளக்குப் போட்டிருந்த கடைகளிலும் கேட்டாயிற்று. சிலர் சிரித்தார்கள். ஒருவர் மட்டும், என்னவென்றே தெரியாமல், நாளைக்கு வரச் சொன்னார்.

மருமகள் தேவிப்ரியா ஜப்பானில், நகோயாவில் கணவனோடு குடித்தனம் செய்தவள். பெருந்தொற்றுக் காலத்தில் கிடைத்த விமானத்தைப் பிடித்து ஊர் திரும்பி, மாமியார் வீட்டு மாடியறையிலிருந்தே இருவரும் அலுவலக வேலை பார்த்தார்கள். இப்போது கர்ப்பம். ரசம், கஞ்சி, இட்லி என எது உள்ளே போனாலும் அதே வேகத்தில் வெளியே வந்தது. சுஷி என்னும் பெயரைச் சொன்னபோதுதான் அந்தக் கண்களில் வெளிச்சம் வந்தது. பச்சை மீன் கூடவே கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டதால், "வெள்ளரிக்கா வெச்சதே போதும் அத்த" என்றாள்.

மசக்கைக்காரி கேட்டதைக் கொடுக்காவிட்டால் பிறக்கும் பிள்ளைக்குக் காதில் சீழ் வடியும் என்பார்கள். பல நம்பிக்கைகளைத் தயங்காமல் தள்ளிவிடும் ஜெயசுதாவுக்கு இதை மட்டும் தள்ளத் துணிவில்லை. போதாக்குறைக்கு, ஞாயிற்றுக்கிழமை திருக்கோவிலூரிலிருந்து சம்பந்தியம்மாள் வந்து மகளை அழைத்துப் போவதாக ஏற்பாடு. அதற்குள் ஒரு கவளமாவது அவள் வயிற்றில் தங்க வேண்டும். புகுந்த வீட்டிலிருந்து ஒரு பெண் பட்டினியாகப் போனாள் என்ற பேச்சை ஜெயசுதாவால் தாங்க முடியாது. அதைவிட, மாடியில் அந்தப் பெண் ஓங்கரிக்கும் சத்தத்தைத் தாங்க முடியவில்லை.

மகன் பிரவீன்குமார் கைப்பேசியில் தேடித் தேடி ஒரு கடையைக் கண்டுபிடித்தான். பாண்டிச்சேரிக்குச் சற்று வெளியே, சுத்தமான கடை, கையைக் கடிக்காத விலை. சனிக்கிழமை காலையில் மூவரும் காரில் புறப்பட்டார்கள்.

தியாகதுருகம் தாண்டியதும் வண்டிகள் வரிசையாக நின்றன. இடஒதுக்கீடு கேட்டு மறியல். ஜெயசுதா இறங்கி, வரிசையின் முனைக்கு நடந்தாள். சாலையின் குறுக்கே சணல் சாக்குகளை விரித்துக் கூட்டம் உட்கார்ந்திருந்தது. முதல் வரிசையில், சலவை கலையாத வெள்ளைச் சட்டையில், அவளுடைய கணவர் தெய்வசிகாமணி.

"இன்னாங்க, கரும்பாலைக்குன்னு சொல்லிட்டுத்தானே போனீங்க? ஆலை எப்ப நடுரோட்டுக்கு வந்துச்சு?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. மூட்டுவலிக்காரர் மறியலில் போய் உட்காரக் கூடாதென்று அவள் போட்டிருந்த தடையை அங்கே அறியாதவர் இல்லை போலும்.

"மொத்தமே ரெண்டு மணி நேரந்தான் சுதா. நீ இன்னா இங்க?"

"தேவிய பாண்டிச்சேரி கூட்டிக்கினு போறோம். கொஞ்சம் நகருங்க."

ஒலிபெருக்கி பிடித்திருந்த கொளஞ்சியப்பன் குறுக்கிட்டான். "ஆம்புலன்ஸுக்கு மட்டுந்தான் வழி வுடறோங்க, அண்ணி."

"மசக்கைக்கு வழி வுட மாட்டீங்களா?"

ஒலிபெருக்கி அதையும் வாங்கி ஊருக்கே சொன்னது. முழக்கம் நின்றது. மசக்கை அவசரத்தில் சேருமா சேராதா என்று சாக்குகளின்மேல் வழக்கு நடந்தது. காருக்கு வழிவிட்டால் பின்னால் நிற்கும் லாரிகள் சும்மா இருக்குமா என்று ஒருவர் கேட்டார். "காது சீழ் வடிஞ்சா நீ வந்து தொடைப்பியா?" என்று இன்னொருவர் அவர்மேல் பாய்ந்தார். தெய்வசிகாமணி யார் பக்கமும் பேச முடியாமல் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஒருவழியாக, கைதூக்கி முடிவு செய்தார்கள். மசக்கை அவசரந்தான். சாக்கைச் சுருட்டினார்கள்.

ஜெயசுதா வெற்றியோடு திரும்பிப் பார்த்தாள். காரில் பிரவீன்குமார் மட்டுமே இருந்தான்.

சாலையோரப் புளியமரத்தடியில், மறியல்காரர்களுக்குச் சமைக்க வந்த அம்சவள்ளியின் அண்டா அருகே தேவிப்ரியா குந்தியிருந்தாள். விடியலில் கிளறிய எலுமிச்சைச் சோறு நன்றாக ஆறியிருந்தது. அந்தப் புளிப்பு வாசனை அவளைக் காரிலிருந்து இறக்கிவிட்டிருந்தது. கை கழுவியிருந்தாள். ஈரம் காயாத விரல்களுக்கிடையே ஒரு பிடி சோற்றை வைத்து, இரண்டு விரலால் அழுத்தி, நீளமாக்கி, மேலே, தொட்டுக்கொள்ள அரிந்து வைத்திருந்த வெள்ளரிப்பிஞ்சுத் துண்டு ஒன்றைப் படுக்க வைத்தாள். வாயில் போட்டாள்.

கொளஞ்சியப்பன் ஒலிபெருக்கியைத் தாழ்த்தினான். தேவிப்ரியா கண்ணை மூடினாள், மென்றாள், விழுங்கினாள். ஜெயசுதா தன்னையறியாமல் தானும் விழுங்கினாள்.

வெளியே வரவில்லை.

"இதான் அதுவா?" என்றார் தெய்வசிகாமணி.

"இல்ல மாமா, இது சுஷியே இல்ல." அவள் அடுத்த பிடியை எடுத்தாள். "ஆனா எறங்குது."

"எறங்குதா! அப்ப துன்னும்மா, அண்டாவே ஒன்னுதுதான்," என்றாள் அம்சவள்ளி. "இன்னாய்யா வேடிக்க? அந்தப் பிஞ்செல்லாம் அரிஞ்சு குடுங்க."

பிறகு அந்தச் சாலையில் நடந்ததற்கு ஒழுங்கு ஏதும் கிடையாது. லாரி ஓட்டுநர்கள் இறங்கி வந்தார்கள். மறியல்காரர்கள் கையில் சோற்றைப் பிடித்துப் பார்த்தார்கள். ஒருவர் பிடித்தது கொழுக்கட்டையாயிற்று, இன்னொருவர் பிடித்தது மாட்டுக்கு வைக்கும் உருண்டை என்று ஏளனத்துக்கு ஆளாயிற்று. வழி திறந்தே கிடந்தது. போவார் இல்லை.

"அம்மா, பாண்டிச்சேரி?" என்று பிரவீன்குமார் காரிலிருந்து குரல் கொடுத்தான்.

ஜெயசுதா முந்தானையை இழுத்துச் செருகி, மண்தரையில் மருமகளுக்கு எதிரே உட்கார்ந்தாள். முதல் பிடி உதிர்ந்து மடியில் சிந்தியது.

"ரொம்ப அமுக்காதீங்க அத்த. குருவிக்குஞ்ச புடிக்கிற மாதிரி."

இரண்டாவது பிடி நின்றது. மஞ்சளாக, கடுகு ஒட்டிய சோறு. அதன்மேல் சற்றுக் கோணலாக ஒரு பச்சைத் துண்டு. அதை ஜெயசுதா நேராக்கவில்லை. உள்ளங்கையில் ஏந்தி முன்னே நீட்டினாள். மரத்தடியில் புளிய இலைகள் உதிர்ந்துகொண்டிருந்தன. தேவிப்ரியா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, வாயை அகலத் திறந்தாள்.